கேமரா வாங்க உதவி கேட்பவர்களுக்கு

சென்ற மாதம் சுயதொழில் உதவி கேட்டு எங்களிடம் வந்த விண்ணப்பங்களில் மூன்று, வீடியோ எடுக்கக் கேமரா வாங்குவதற்கானவை. இரண்டு பேர் இளைஞர்கள். ஒருவர் கணவரை இழந்து பிள்ளைகளுடன் தாய் வீட்டில் இருக்கும் சகோதரி. மூவரும் கடையில் வாங்கிய விலைப்பட்டியலை இணைத்திருந்தார்கள். மூன்று பட்டியலிலும் கேட்ட தொகை முழுவதும் கேமராவுக்கும் அதோடு வரும் ஒரு லென்ஸுக்குமே போயிருந்தது. மைக் இல்லை, முக்காலி இல்லை, இரண்டாவது பேட்டரி கூட இல்லை.

அந்தப் பட்டியல்களைப் பார்த்ததும் இரண்டு வருடங்களுக்கு முன் நடந்த ஒரு நிக்காஹ் எங்கள் நினைவுக்கு வந்தது. மணப்பெண்ணின் தந்தை வளைகுடாவில் வேலை பார்ப்பவர். கடைசி நேரத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. தம்பியை வக்கீலாக நியமித்துவிட்டு, "வீடியோவை நல்லா எடுத்து அனுப்புங்க, அது போதும்" என்று சொல்லியிருந்தார். எடுக்க வந்தவர் எங்களிடம் வட்டியில்லாக் கடன் வாங்கிக் கேமரா வாங்கிய தம்பி. முக்காலியில் கேமராவை வைத்து, கிராஅத் தொடங்கும்போதே பதிவைப் போட்டுவிட்டு, வாசலில் வந்தவர்களைக் கைப்பேசியில் எடுக்கப் போனார். அன்றைக்கு பயான் சற்று நீண்டுவிட்டது. சரியாக 29 நிமிடம் 59 வினாடியில் கேமரா தானாகவே பதிவை நிறுத்திக்கொண்டது. அதன் பிறகுதான் குத்பா ஓதப்பட்டது, ஈஜாப் கபூல் நடந்தது, துஆ ஓதப்பட்டது. அவர் திரும்பி வந்தபோது பேரீச்சம்பழம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

பதிவான அரை மணி நேரத்திலும் ஹஜ்ரத்தின் குரலைவிட மேலே ஓடிய மின்விசிறியின் இரைச்சல்தான் அதிகம். தம்பி கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஊரில் பேச்சுப் பரவி, அடுத்து வந்த இரண்டு மூன்று வேலைகளும் கைநழுவின. கடன் தவணையும் நின்றது. அவரை மட்டும் குறை சொல்ல எங்களால் முடியவில்லை. விலைப்பட்டியலில் இருந்த தொகையைப் பார்த்தோமே தவிர, அந்தப் பொருள் இந்த வேலைக்கு உதவுமா என்று நாங்களும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு, இத்தொழிலில் பல வருடம் இருந்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டும், கேமராக்களைக் கையில் வாங்கிப் பார்த்தும் நாங்கள் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

நின்றுவிடாமல் ஓடுமா?

வீடியோவுக்குக் கேமரா வாங்குபவர்கள் முதலில் கேட்பது "4கே இருக்கா?" என்பது. எங்கள் அனுபவத்தில் முதல் கேள்வி அதுவல்ல. "எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடும்?" என்பதுதான்.

அந்த 29 நிமிடம் 59 வினாடிக்குப் பின்னால் இருந்தது கோளாறு அல்ல, சுங்க வரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் அரை மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி வரி போட்டார்கள். புகைப்படக் கேமராவுக்கு அந்த வரி இல்லை. அதனால் கம்பெனிகள் ஒரு வினாடியைக் குறைத்து வைத்தன. ஐரோப்பாவுக்காக வைத்த அந்தக் கட்டுப்பாடு நம் ஊர்க் கடைக்கு வந்த கேமராக்களிலும் அப்படியே இருந்தது. இன்றைக்குப் பழைய விலைக்குக் கிடைக்கும் கேமராக்கள் பலவற்றில் இது உண்டு. பெட்டியின் மேல் யாரும் இதை எழுதுவதில்லை. கையேட்டின் பின்பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும்.

புதிதாக வந்தவற்றில் நிலைமை வேறு. 2021இல் வந்த சோனி இசட்வி-இ10இல் இந்த அரை மணிக் கட்டுப்பாடு கிடையாது. 2022இல் வந்த நிக்கான் இசட்30 தொடர்ந்து 125 நிமிடம் வரை பதிவு செய்யும். 2023இல் வந்த கேனான் ஆர்50 ஒரு மணி நேரம். ஒரு நிக்காஹுக்கு இவை எல்லாமே போதும். ஆனால் ஆண்டு விழா எடுக்கப் போகிறவருக்கு அந்த ஒரு மணி நேரம் போதாமல் போகலாம்.

கட்டுப்பாடு இல்லையென்றாலும் சூடு இருக்கிறது. சின்னக் கேமராவின் குறையே இதுதான். உள்ளே உருவாகும் சூடு வெளியேற உடம்பில் இடமில்லை. பெரும்பாலான கேமராக்களின் கையேட்டில், 0 முதல் 40 டிகிரி வரையுள்ள வெப்பத்தில் பயன்படுத்தும்படி போட்டிருக்கும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரை போட்ட மண்டபத்திலோ வெயில் விழும் பந்தலிலோ அந்த 40ஐத் தாண்டுவது நமக்குப் புதிதல்ல. செய்யக்கூடியது சில உண்டு. திரையை உடம்போடு ஒட்டி மடக்காமல் விரித்து வைக்கலாம். வெயிலில் நிற்கும்போது ஒரு வெள்ளைத் துணியால் நிழல் கொடுக்கலாம். சோனி கேமராக்களில் சூடானால் தானாக அணைவதற்கான அளவை 'ஹை' என்று மாற்றும் வசதி இருக்கிறது. வாங்கிய அன்றே மாற்றிவிடலாம். 4கே அவசியமில்லாத இடத்தில் முழு ஹெச்டியில் எடுத்தால் சூடு குறையும். கைப்பேசியில் பார்க்கப்போகும் பயானுக்கு 4கே எதற்கு என்பது எங்கள் கேள்வி.

பேட்டரியும் அப்படித்தான். இசட்வி-இ10இன் பேட்டரி சிறியது. இடையிடையே நிறுத்தி எடுத்தால் ஒன்றேகால் மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. அதே கேமராவுக்கு யுஎஸ்பி வயர் வழியாகப் பவர் பேங்கிலிருந்து மின்சாரம் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம். முக்காலியின் காலில் பவர் பேங்கைக் கட்டிவிட்டால் கவலை இல்லை. கையில் வைத்து எடுப்பவருக்குக் கூடுதலாக இரண்டு பேட்டரி கட்டாயம்.

அடுத்தது மெமரி கார்டு. இங்கே கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். கேமராவின் வீடியோ வேகம் 100 மெகாபிட் என்றால் அது மெகாபைட் அல்ல; எட்டால் வகுக்க வேண்டும். வினாடிக்கு 12.5 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். கார்டில் வி30 என்று போட்டிருந்தால் வினாடிக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாமல் எழுதும் என்று பொருள். இந்த வேலைக்கு அது தாராளம். அதற்கு மேல் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் போலிக் கார்டுகள் சந்தையில் நிறைய. ரசீது தரும் கடையிலேயே வாங்குங்கள். வாங்கியதும் கார்டு நிறையும்வரை சும்மா ஒரு பதிவு எடுத்து, கடைசி வரை ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மேலே சொன்ன மூன்று கேமராவிலும் கார்டு போட ஓர் இடம்தான் உண்டு. அந்தக் கார்டு கெட்டால் எல்லாம் போயிற்று. அதனால் நாங்கள் ஒவ்வொருவரிடமும் வற்புறுத்துவது, இன்னொரு முக்காலியில் கைப்பேசியை வைத்து ஈஜாப் கபூலைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்பது. அதற்கு முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் முக்காலியும் பிடிப்பானும் போதும். அந்தத் தம்பி அன்றைக்குக் கைப்பேசியை வாசலுக்கு எடுத்துப் போகாமல் ஹஜ்ரத்துக்கு எதிரே வைத்திருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

சத்தத்துக்கு எடுத்து வையுங்கள்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள். "கபில்த்து" என்ற சொல் கேட்கவில்லை என்றால் யாரும் பொறுக்க மாட்டார்கள்.

கேமராவின் உள்ளே இருக்கும் மைக் அருகில் உள்ளதைத்தான் நன்றாகக் கேட்கும். மின்விசிறி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பேச்சு, லென்ஸின் மோட்டார் ஓசை எல்லாம் ஹஜ்ரத்தைவிடக் கேமராவுக்கு அருகில் இருக்கின்றன. தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேரும் ஒலியின் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிவிடும். பள்ளிவாசலில் எதிரொலி வேறு. விலை உயர்ந்த மைக்கைக் கேமராவின் தலையில் மாட்டுவதைவிட, மலிவான காலர் மைக்கைப் பேசுபவரின் சட்டையில் குத்துவது மேல்.

ஆகவே மைக் மாட்டும் துளை இல்லாத கேமராவை, எவ்வளவு மலிவாக வந்தாலும், இந்தத் தொழிலுக்கு வாங்க வேண்டாம். இசட்வி-இ10, இசட்30, ஆர்50 மூன்றிலும் அது இருக்கிறது. ஹெட்போன் துளை இருப்பது முதலாவதில் மட்டும். மற்ற இரண்டையும் வாங்குபவர்கள் எடுக்கும்போது காதில் கேட்டுப் பார்க்க முடியாது. தொடங்குவதற்கு முன் ஒரு நிமிடம் பதிவு செய்து, போட்டுக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். திரையில் ஓடும் ஒலி அளவுக் கோட்டையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உரத்த பேச்சில் அது -12ஐ ஒட்டி நின்றால் சரி. 'ஆட்டோ' அளவில் விட்டால், ஹஜ்ரத் மூச்சு விடும் இடைவெளியில் கேமரா தானாகவே ஒலியைக் கூட்டி மின்விசிறியைப் பெரிதாக்கிக் காட்டும். கையால் ஓர் அளவில் நிறுத்திவிடுங்கள்.

வயர்லெஸ் மைக் வாங்கப் பணம் இல்லையா? ஆறு மீட்டர் வயருடன் காலர் மைக்குகள் சில நூறு, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. அதைப் பழைய கைப்பேசி ஒன்றில் செருகி, விமான நிலையில் போட்டு, பதிவை ஓடவிட்டு ஹஜ்ரத்தின் சட்டைப் பையில் வைத்துவிடலாம். கேமரா ஓடத் தொடங்கியதும் கைப்பேசியின் அருகே ஒரு முறை கை தட்டுங்கள். எடிட் செய்யும்போது அந்தத் தட்டலை இரண்டு பதிவிலும் கண்டுபிடித்துப் பொருத்தினால் படமும் குரலும் சேர்ந்துவிடும். மைக் செட் போட்டவரிடமிருந்து நேரடியாக வயர் இழுப்பவர்களும் உண்டு. அது நல்ல வழிதான். ஆனால் அங்கிருந்து வரும் ஒலி கேமராவின் மைக் துளைக்கு மிக அதிகம். அளவைக் குறைக்கும் வயர் இல்லாமல் செருகினால் குரல் கிழிந்துபோய்ப் பதிவாகும். சரி செய்யவே முடியாது.

எந்தக் கேமரா?

மிரர்லெஸ் என்றால் உள்ளே கண்ணாடி இல்லாதது. பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியாக வரும் ஒளியை ஒரு கண்ணாடி மேலே திருப்பிக் கண் வைத்துப் பார்க்கும் துளைக்கு அனுப்பும். வீடியோ எடுக்கும்போது அந்தக் கண்ணாடி மடங்கிக்கொள்ள வேண்டும். அப்போது அந்தத் துளை இருட்டாகிவிடும். அதாவது வீடியோவுக்கு அந்தக் கண்ணாடியால் பயனில்லை, இடம் மட்டும் அடைக்கிறது. 2008இல் பானசோனிக் லூமிக்ஸ் ஜி1இல் அதை எடுத்துவிட்டார்கள். கேமரா சிறுத்தது. இன்றைக்கு இசட்வி-இ10 பேட்டரியும் கார்டும் சேர்ந்து 343 கிராம், ஆர்50 375 கிராம், இசட்30 405 கிராம். மூன்று மணி நேரம் கையில் வைத்திருப்பவருக்கு இந்த எடையின் அருமை தெரியும்.

சென்சார் மூன்று அளவில் பேசப்படுகிறது. ஃபுல் ஃப்ரேம் 36க்கு 24 மி.மீ. ஏபிஎஸ்-சி ஏறக்குறைய 23.5க்கு 15.6. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3க்கு 13. பெரிய சென்சாரில் இருட்டில் படம் தெளிவாக வரும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கேற்ற லென்ஸின் விலையும் எடையும் கேமராவோடு நிற்காமல் ஆயுள் முழுக்கப் பின்தொடரும். கடன் வாங்கித் தொழில் தொடங்குபவர் ஃபுல் ஃப்ரேம் பக்கம் போக வேண்டாம் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. ஏபிஎஸ்-சி போதும். மேலே சொன்ன மூன்றும் அந்த வகைதான்.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில், 2017இல் வந்த பானசோனிக் ஜிஎச்5 பழைய விலைக்குக் கிடைத்தால் அது வீடியோவுக்கென்றே செய்ததுபோல இருக்கும். நேரக் கட்டுப்பாடு இல்லை, உடம்பிலேயே ஆட்டம் தடுக்கும் ஏற்பாடு உண்டு, கார்டு இரண்டு போடலாம். ஒரே குறை, அந்தக் காலத்துப் பானசோனிக்கின் ஆட்டோ ஃபோகஸ் நடந்து வரும் ஆளைப் பிடிப்பதில் தடுமாறும். முக்காலியில் வைத்துப் பயான் எடுப்பவருக்குப் பரவாயில்லை. மாப்பிள்ளை ஊர்வலத்தில் பின்னோக்கி நடந்துகொண்டே எடுப்பவருக்குச் சரிப்படாது.

ஆட்டம் தடுப்பதைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். மூன்று வழி இருக்கிறது. சென்சாரே அசைந்து ஈடு செய்வது ஒன்று. சோனி ஏ6700, ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-எஸ்20 போன்றவற்றில் இருக்கிறது, விலை ஏறும். லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி அசைவது இரண்டாவது. மூன்றாவது, படத்தின் ஓரங்களை வெட்டிவிட்டு நடுவை மட்டும் எடுத்து ஆடாததுபோலக் காட்டுவது. இசட்வி-இ10இல் 'ஆக்டிவ்' என்று இருப்பது இந்த மூன்றாவது வகை. அதைப் போட்டால் 16 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 24 மி.மீ. பார்வை தர வேண்டியது, ஏறக்குறைய 35 ஆகச் சுருங்கும். பெண் வீட்டுக் கூடத்தில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் பாதிப் பேர்தான் படத்தில் வருவார்கள். எங்கள் ஊர் வீடுகளின் அகலம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

இதற்கு நாங்கள் சொல்லும் மாற்று ஒற்றைக் கால் மோனோபாட். விலை குறைவு, கூட்டத்தில் இடம் பிடிக்காது, பேட்டரி தேவையில்லை. கிம்பல் பிறகு வாங்கலாம். இன்னொன்று: இந்த விலைக் கேமராக்களின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. வேகமாகப் பக்கவாட்டில் திருப்பினால் மண்டபத் தூண்கள் சாய்ந்து தெரியும். மெதுவாகத் திருப்பக் கையைப் பழக்குவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

4கே என்ற எழுத்தையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். 2023இல் வந்த கேனான் ஆர்100இலும் 4கே உண்டு. ஆனால் 4கே போட்டதும் படம் வெட்டப்பட்டுக் குறுகிவிடும். அந்தக் கம்பெனிக்குப் பெயர் வாங்கித் தந்த ட்யூவல் பிக்ஸல் ஃபோகஸும் அதில் வேலை செய்யாது. புகைப்படத்துக்கு அது நல்ல கேமராவாக இருக்கலாம். வீடியோத் தொழிலுக்கு வாங்குபவர் தள்ளி நிற்பது நல்லது.

லென்ஸ்

கேமராவின் உடம்பு ஐந்து வருடத்தில் பழசாகிவிடும். லென்ஸ் பதினைந்து வருடம் உழைக்கும். ஆகவே எந்த மவுண்டுக்குள் போகிறோம் என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். சோனி இ மவுண்டுக்கு மற்றக் கம்பெனிகளின் லென்ஸ் ஏராளம்; பழையதும் கிடைக்கும். நிக்கான் இசட் மவுண்டுக்கும் கேனான் ஆர்எஃப் மவுண்டுக்கும் சிக்மா போன்றவர்களின் ஏபிஎஸ்-சி லென்ஸ்கள் 2023, 2024இல்தான் வரத் தொடங்கின. கேனானின் பழைய இஎஃப்-எம் மவுண்டு நிறுத்தப்பட்டுவிட்டது. அந்த வகைக் கேமராக்கள் இப்போது மலிவாகக் கைமாறுகின்றன. ஆனால் அவற்றில் புதிய ஆர்எஃப் லென்ஸ் பொருந்தாது. மலிவைப் பார்த்து முட்டுச் சந்துக்குள் போய்விடக் கூடாது.

கேமராவோடு வரும் கிட் லென்ஸ் பகல் வெளிச்சத்துக்கு நன்றாகவே உதவும். மின்விளக்கு மட்டும் உள்ள மண்டபத்தில்தான் அதன் குறை தெரியும். லென்ஸில் எஃப் என்று போட்டிருக்கும் எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு ஒளி உள்ளே வரும். எஃப் 5.6க்கும் 2.8க்கும் இடையே ஒளி நான்கு மடங்கு. 5.6க்கும் 1.4க்கும் இடையே பதினாறு மடங்கு. சோனியின் 16-50 கிட் லென்ஸை முழுக்க இழுத்தால் 5.6க்கு வந்துவிடும், ஆர்50உடன் வரும் 18-45 அதைவிடக் குறைந்து 6.3. அப்போது கேமரா ஐஎஸ்ஓவை ஏற்றும், படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் வரும்.

இரண்டாவது லென்ஸாக எதை வாங்குவது என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. சிக்மா 18-50 எஃப் 2.8 என்பது ஒரு பக்கம். 300 கிராம்கூட இல்லை, சின்னக் கேமராவில் அழகாகப் பொருந்தும். ஆனால் அதற்குள் ஆட்டம் தடுக்கும் ஏற்பாடு இல்லை. இசட்வி-இ10இலும் இல்லை. இரண்டையும் சேர்த்துக் கையில் பிடித்தால் மூச்சு விடுவதுகூடப் படத்தில் தெரியும். மோனோபாட் இல்லாமல் எடுக்க முடியாது. டாம்ரான் 17-70 எஃப் 2.8இல் அந்த ஏற்பாடு இருக்கிறது, எட்டவும் எட்டும். எடை 525 கிராம், கேமராவைவிட அதிகம். முன்பக்கம் தொங்கும். முக்காலியிலும் மோனோபாடிலும் நின்று எடுப்பவருக்குச் சிக்மா, கையிலேயே எடுப்பவருக்கு டாம்ரான் என்று பேசி முடித்தோம்.

பணம் இவ்வளவு இல்லாதவர்கள் கிட் லென்ஸை வைத்துக்கொண்டு, 30 மி.மீ. எஃப் 1.4 ஒன்றைப் பழைய விலைக்குத் தேடலாம். ஜூம் இல்லை, காலால்தான் முன்னும் பின்னும் போக வேண்டும். 1.4இலேயே திறந்து வைத்து எடுக்க ஆசைப்படாதீர்கள். அருகில் நின்றால் ஒரு கண் தெளிவாகவும் காது மங்கலாகவும் வரும். ஆள் சற்று அசைந்தால் அதுவும் போய்விடும். 2, 2.8 என்று வைப்பது பாதுகாப்பு.

டியூப் லைட்டும் ஐம்பதும்

சின்ன விஷயம். செலவில்லாதது. ஆனாலும் வீடியோக்கள் பல இதனாலேயே கெடுகின்றன. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் வினாடிக்கு 100 முறை மின்னுகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். பெட்டியிலிருந்து எடுத்த கேமரா அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில், 30 ஃப்ரேமில் இருந்தால் படத்தில் கருப்புப் பட்டைகள் மெதுவாக ஏறி இறங்கும். மெனுவில் பால் முறைக்கு மாற்றி, 25 ஃப்ரேமும் ஷட்டர் 1/50ம் வையுங்கள். பட்டைகள் பெரும்பாலும் மறைந்துவிடும். சில மலிவான எல்இடி விளக்குகள் மட்டும் இதற்கும் அடங்காது. சோனியில் இன்னொரு லாபமும் உண்டு: 4கேயில் 30 ஃப்ரேம் போட்டால் படம் ஓரம் வெட்டப்படும்; 25இல் முழு அகலமும் கிடைக்கும்.

இதே 1/50ஐ வெயிலில் வைத்தால் படம் வெளுத்துவிடும். அங்கே லென்ஸின் முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் வேண்டும்.

பெண்கள் பகுதியில் எடுப்பவர்களுக்கு

மூன்றாவது விண்ணப்பம் தந்த சகோதரியின் யோசனை எங்களுக்குப் பிடித்திருந்தது. பெண்கள் கூடத்துக்குள் ஆண்கள் வந்து எடுப்பதைப் பல குடும்பங்கள் விரும்புவதில்லை. பெண்ணே வந்து எடுத்தால் நல்லது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இலேசான கேமரா இங்கே மிகவும் உதவும். பெரிய கருவியும் விளக்கும் தூக்கிக்கொண்டு போனால் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஆனால் இங்கே பொறுப்பும் பெரிது. கார்டில் அழித்தால் போய்விடும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. கேமராவில் சாதாரணமாக ஃபார்மட் செய்த கார்டிலிருந்து, கணினி தெரிந்த ஒருவர் பழைய படங்களை மீட்டெடுக்க முடியும். அதனால் பெண்கள் பகுதிக்கென்று தனிக் கார்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கார்டையே வீட்டாரிடம் கொடுத்துவிட்டு அதன் விலையைக் கூலியில் சேர்த்துக்கொள்வது இன்னும் நல்லது. எடிட் செய்ய வெளியே கொடுப்பதாக இருந்தால், யாரிடம் கொடுக்கிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள். கேமராவில் வைஃபை, ப்ளூடூத் இருந்தால் அந்த நேரத்துக்கு அணைத்து வையுங்கள்.

பழையது வாங்கினால்

தவறில்லை, பல நேரங்களில் அதுதான் புத்திசாலித்தனம். புகைப்படக்காரர்கள் ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று பார்ப்பார்கள். வீடியோவுக்கு அந்த எண் அதிகம் உதவாது. மைக் துளையில் மைக்கைச் செருகி அசைத்துப் பாருங்கள், கரகரவென்றால் வேண்டாம். திரையின் கீல் ஆடுகிறதா, எச்டிஎம்ஐ துளை தளர்ந்திருக்கிறதா பாருங்கள். மூடியைப் போட்டபடி ஒரு நிமிடம் வீடியோ எடுத்தால் சென்சாரில் எரிந்த புள்ளிகள் வெள்ளையாகத் தெரியும்.

லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது மிக முக்கியம். சிலந்தி வலை போன்ற நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் பையிலேயே வைத்திருந்த லென்ஸில் இது எளிதில் பிடித்துவிடும். வாங்கிய பிறகும் தோல் பையில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பைகளோடு வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறியதும் சூடு காட்டி மறுபடி பயன்படுத்தலாம்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? ஒருவர் கையில் 1,20,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேமராவும் கிட் லென்ஸும் 70,000ஐத் தாண்டக் கூடாது என்பது எங்கள் கணக்கு. மீதியில் முதலில் மைக், பிறகு ஓடாமல் நிற்கும் நல்ல முக்காலி, பேட்டரி, இரண்டு கார்டு, வேலையைச் சேமித்து வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க். மூன்று மணி நேர நிக்காஹ் ஒன்று 135 ஜிபி பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். இவற்றுக்குப் பிறகு மிஞ்சுவதில்தான் இரண்டாவது லென்ஸ். மிஞ்சாவிட்டால் முதல் நான்கு வேலை முடியட்டும். 10 பிட், லாக் என்று கேள்விப்பட்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதை எடிட் செய்ய வலுவான கணினி தேவை. டாவின்சி ரிசால்வ் மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும் கணினி இலவசமாகக் கிடைப்பதில்லை.

மூன்று விண்ணப்பதாரரையும் இம்மாதம் மறுபடி பட்டியல் போட்டு வரச் சொல்லியிருக்கிறோம். கூடவே ஒரு வேலையும் கொடுத்திருக்கிறோம். வாங்க நினைக்கும் கேமராவை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வர வேண்டும். லுஹருக்குப் பிறகு, ஏசி இல்லாத எங்கள் கூடத்தில், மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு 45 நிமிடம் நிறுத்தாமல் பதிவு செய்ய வேண்டும். எதிரே உட்கார்ந்து பேசுவதற்கு, முன்பு அந்த நிக்காஹை எடுத்த தம்பியே ஒப்புக்கொண்டிருக்கிறார். நின்றுபோன தவணைகளை அவர் போன ரமலானுக்கு முன்பே கட்டி முடித்துவிட்டார். இப்போது அவர் பையில் எப்போதும் இரண்டு காலர் மைக் இருக்கிறது. பதிவு ஓடும்போது கேமராவை விட்டு நகர்வதில்லை.